புல்லைப் பறித்தவர் மாட்டைப் பழிப்பதா?

'புறம்போக்கு' என்னும் சொல் இன்று தமிழ்நாட்டுத் தெருக்களில் வசைச்சொல்லாகத் திரிகின்றது. வேலைவெட்டி இல்லாதவனை, ஊருக்கு உதவாதவனை, எதற்கும் ஆகாதவனை அச்சொல்லால் ஏசுகின்றனர். அதன் உண்மைப் பொருளோ வேறு. ஊரின் விளைநிலங்களை அளந்து வரி வகுத்தபொழுது, அவ்வரிக்கணக்கிற்குப் புறம்பாக, ஊரார் அனைவர்க்கும் பொதுவென விடப்பட்ட நிலமே புறம்போக்கு. ஏரி புறம்போக்கு, களம் புறம்போக்கு, சுடுகாடு புறம்போக்கு, மாடு மேயும் மேய்க்காலும், மேய்ச்சலுக்குப் போகுமுன் மாடுகள் வந்து கூடும் மந்தைவெளியும் புறம்போக்கு. எவனுக்கும் தனியுடைமை ஆகாததும், அதனாலேயே எல்லார்க்கும் உடைமையானதுமான நிலத்தின் பெயர், ஒன்றுக்கும் உதவாதவனைச் சுட்டும் வசவாக மாறியது எங்ஙனம்? முதலில் நிலம் இழிவுபட்டது. பின்னர்ச் சொல் இழிவுபட்டது.

சென்னையில் மந்தைவெளி என்றொரு பகுதி உண்டு. அங்கே இன்று பேருந்து நிற்கின்றது. மாட்டு மந்தை நிற்கவில்லை. மதுரையில் மாட்டுத்தாவணி என்றோர் இடம் உண்டு. அதுவும் இன்று பேருந்து நிலையமே. பெயரை விட்டுவைத்து நிலத்தை எடுத்துக்கொள்ளும் கலையில் தமிழ்நாட்டு அரசுகள் தேர்ந்துவிட்டன. அக்கலை இப்பொழுது சென்னையின் மேற்கே, செம்பரம்பாக்கத்திலிருந்து திருப்பெரும்பூதூர் வழியாக ஒரகடம் வரை அரங்கேறிக்கொண்டிருக்கின்றது.

செம்பரம்பாக்கம் என்றதும் சென்னை வாழ்நர்க்கு நினைவுக்கு வருவன இரண்டே. ஒன்று, குழாயில் வரும் குடிநீர். மற்றொன்று, 2015 திசம்பரில் அடையாற்றில் பாய்ந்த வெள்ளம். 24 அடி ஆழமும் 364.5 கோடி கன அடிக் கொள்ளளவும் உடைய அவ்வேரி ஒரு காலத்தில் நெல்வயல்களுக்கு நீர் பாய்ச்சிய ஏரி என்பதையே பலர் அறியார். அவ்வேரியைச் சூழ்ந்த ஊர்களில் மாடு மேய்த்து வாழும் குடிகள் இன்றும் உள்ளன என்பதை அறிந்தவர் இன்னும் சிலரே. அறியாமையைக்கூடப் பொறுக்கலாம். அம்மாடுகள் நெடுஞ்சாலையில் வந்து நிற்கும்பொழுது மட்டும் 'இவை எங்கிருந்து வந்தன?' என்று முகஞ்சுளிக்கின்றார்களே, அதனைப் பொறுப்பதற்கில்லை. அவை எங்கிருந்தும் வரவில்லை. அவை நின்ற இடத்தில் சாலை வந்தது.

தொண்டை மண்டலம் இருபத்துநான்கு கோட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்த காலத்தில் இப்பகுதி புலியூர்க் கோட்டத்தைச் சார்ந்திருந்தது. சோழர் வருமுன் அக்கோட்டங்களை ஆண்டவர் குறும்பர் என்பதும், அவர்கள் ஆடுமாடு மேய்த்த குடியினர் என்பதும் மரபுவழிச் செய்தி. ஊர்ப்பெயர்களையே பாருங்கள். இருங்காட்டுக்கோட்டை என்பது இரும்பெருங் காட்டை நினைவூட்டும் பெயர். காடும் காடு சார்ந்த நிலமும் முல்லை. முல்லையின் மக்கள் ஆயர். ஆயரின் செல்வம் ஆநிரை. 'மாடு' என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் வகுத்த மொழி தமிழ். ஆநிரையைக் கவர்வதில் தொடங்குவது வெட்சிப் போர். அதனை மீட்பது கரந்தை. நிரை மீட்டு வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டிய நாடு இது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட பழந்தமிழ் எழுத்து நடுகல்லும் ஓர் ஆகோள் பூசலில் பட்டவனுக்கு எடுக்கப்பட்டதே. அன்று நிரையைக் கவர்ந்தவன் பகைவன். அவன்கூடப் புல்லை விட்டுவிட்டுத்தான் போனான்.

ஏரியின் கீழ்ப்பால் உள்ள குன்றத்தூரில் பிறந்தவர் சேக்கிழார். கன்றை இழந்த ஆவொன்று அரண்மனை மணியை அசைத்து முறை கேட்டதையும், சோழ மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டு முறை செய்ததையும் பாடியவர் அவரே. அம்மன்னனுக்குச் சென்னை உயர்முறைமன்ற வளாகத்தில் சிலை உண்டு. செம்பரம்பாக்கத்து ஆவுக்கு மணி எங்கே இருக்கின்றது?

இங்கே மாடு மேய்ப்பதென்பது கையில் கோலோடு வெட்டவெளியில் நடப்பதன்று. ஆண்டு முழுமைக்கும் வகுத்த ஒழுங்குள்ள தொழில். தை பிறந்து சம்பா அறுவடை முடிந்ததும் வயல்கள் மாட்டுக்குத் திறக்கும். மாடு தாளை மேயும். சாணத்தை வயலிலேயே விட்டுச் செல்லும். நிலமுடையோர் தம் வயலில் இரவுக் கிடை போடச் சொல்லிக் கூலி கொடுத்த காலமும் உண்டு. உப்புரம் வந்தபின் அவ்வழக்கம் தேய்ந்தது. மாசியிலும் பங்குனியிலும் நவரைப் பயிர் நிற்கும் வயல்களை விலக்கி, வரப்போரமும் கால்வாய்க் கரையுமாக மாடு நடக்கும். சித்திரை, வைகாசியில் ஏரி உள்வாங்கும். நீர் பின்வாங்கப் பின்வாங்க, ஈரம் காயாத உள்வாய் நிலத்தில் அறுகும் கோரையும் தளிர்க்கும். கத்தரி வெயிலில் ஊரெல்லாம் கருகிக் கிடக்கையில் பச்சை தெரியும் இடம் அவ்வேரியின் வயிறு ஒன்றே. ஆடியில் நாலு மழை விழுந்தால் மேட்டுநில மேய்க்காலில் புல் தலைகாட்டும், மாடு மேடேறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ ஏரி நிறைந்து நிற்கும். வயலில் சம்பா நிற்கும். மாட்டுக்கு ஏரியும் இல்லை, வயலும் இல்லை. அந்நாளில் அதற்குப் புகல் மேட்டில் உள்ள மேய்க்கால் ஒன்றுதான். மேய்க்கால் என்பது ஏதோ மிஞ்சிக் கிடந்த தரிசு என்று நினைப்பவர், இவ்வாண்டுச் சுழற்சியில் அது எந்த இடத்தில் அச்சாணியாக நிற்கின்றதென்று எண்ணிப் பார்க்கட்டும். ஓர் ஆண்டின் பன்னிரு திங்களில் மூன்று திங்கள் கால் வைக்க இடமில்லையென்றால், எஞ்சிய ஒன்பது திங்களும் மாடு வளர்க்க முடியாது.

இத்தொழிலுக்கு ஓர் அறிவும் உண்டு. முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லில் பட்டினி மாட்டை விட்டால் வயிறு ஊதும். வாடிப்போய் மீண்டும் தளிர்த்த இளஞ்சோளத்தில் நஞ்சு உண்டு. நீரோரச் சேற்றுப்புல்லில் நத்தை வழியாக ஈரற்புழு ஏறும். ஆதலால் பனி காயுமுன் அங்கே மாட்டை இறக்கலாகாது. இவற்றைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நூல் வைத்துக் கற்பிக்கின்றனர். ஏரிக்கரையில் பத்து அகவைச் சிறுவனுக்கு அவன் பாட்டன் நடந்துகொண்டே கற்பித்துவிடுவான். கல்லூரியில் கற்றவன் அறிஞன். கரையில் கற்றவன் 'மாடு மேய்க்கிறவன்'. படிக்காத பிள்ளையை அச்சுறுத்த அப்பெயரைத்தானே தமிழ் வகுப்பறைகள் இன்றுவரை கையாளுகின்றன!

மேய்ச்சல் நிலம் பிழைத்திருக்கும் இடம் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. காங்கயம் வட்டாரத்துக் கொறங்காட்டைப் பார்க்க வேண்டும். மழை குறைந்த அம்மேட்டு நிலத்தில் கிளுவை முள்வேலி சூழ, உள்ளே கொழுக்கட்டைப்புல் விளையும். ஊடே வெள்வேல மரங்கள் நிழல் தரும். கோடையில் அம்மரத்து நெற்றுக்கூட மாட்டுக்குத் தீனியாகும். ஒரு காட்டில் புல் தீர்ந்ததும் அடுத்த காட்டுக்கு மாட்டை மாற்றி, முன்னதைத் தழைக்க விடுவர். காங்கயம் காளையின் திமிலும் தெம்பும் அந்தப் புல்லில் பிறந்தவை. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தார் அவ்வினத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கிப் பெயர் பெற்றதும் அந்த நிலத்தை வைத்தே. வயலை வேலியிட்டு முறைமாற்றி மேய்ப்பதை மேலைநாட்டு மாட்டுப்பண்ணைகளின் புதுமை என்று வியப்பவர் ஒருமுறை கொங்குநாடு சென்று வருவது நல்லது.

கொங்கின் கொறங்காடு ஓரளவேனும் நிலைத்ததற்கும் தொண்டைநாட்டு மேய்க்கால் அழிந்ததற்கும் கரணியம் ஒன்றே. கொறங்காடு பட்டா நிலம். அதை எடுக்க வேண்டுமானால் உடையவன் கையெழுத்து வேண்டும், விலை பேச வேண்டும், வழக்குக்கு அஞ்ச வேண்டும். மேய்க்காலோ பொது. ஊரார் ஆயிரவர்க்கு உரியது. ஆனால் ஆவணத்தில் அரசுக்கு உரியது. ஓர் அலுவலகத்தின் கோப்பு மற்றோர் அலுவலகத்திற்குப் போனால் போதும். ஆயிரவர் நிலம் கைமாறிவிடும். இழப்பீடு இல்லை; கேட்பதற்கு ஆள் இல்லை. மாட்டின் பெயரில் பட்டா வழங்கும் வழக்கம் எந்நாட்டிலும் இல்லையே!

இக்கொடுமையின் வேர் வெள்ளையன் இட்டது. 1871-இல் கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. மாட்டைப் பிடித்துக் கொண்டித்தொழுவில் அடைத்துத் தண்டம் வாங்கும் முறைக்கு அதுவே சட்ட வடிவம். 1882-இல் சென்னை மாகாணக் காட்டுச் சட்டம் வந்தது. காட்டில் மேய்ப்பது உரிமை என்பது போய் இசைவு என்றாயிற்று. 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்கீர், ஒடுக்கப்பட்ட மக்கள் நிலமின்றித் தவிப்பதை அறிக்கையாக எழுதினார். அதன்வழி மறு ஆண்டே அவர்களுக்கென நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் எனப்படும் அந்நிலங்களில் எவ்வளவு இன்று உரியவர் கையில் உள்ளதென்பது வேறொரு துயரக் கதை. நிலமற்றவன் வீட்டில் ஒரு கறவை இருக்குமானால், அதன் வாய்க்கு ஊர்ப் பொதுவே வயல். அப்பொதுவை எடுத்தபொழுது எவனிடமிருந்து எடுத்தார்கள் என்பது இப்பொழுது விளங்கும்.

வெள்ளையன் போனான்; கோப்பு போகவில்லை. 1971-இல் சிப்காட் தோன்றியது. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்பூதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் எனத் தொழிற்பேட்டைகள் வரிசையாக எழுந்தன. 1998-இல் கொரியாவின் உண்டாய் மகிழுந்து இருங்காட்டுக்கோட்டையில் உருண்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. தொழில் நிலக் கையகப்படுத்தலுக்கென்றே 1997-இல் தனிச்சட்டம். அதுவும் போதாதென்று 2023-இல் நில ஒருங்கிணைப்புச் சட்டம்: நூறு எக்டேருக்குக் குறையாத திட்ட நிலத்திற்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் ஏதேனும் அகப்பட்டால் அதனையும் சேர்த்தே ஒருங்கிணைத்துக் கொடுக்க வழி செய்யும் சட்டம் அது. ஏரியையே உள்ளடக்கும் சட்டத்தின் முன் மேய்க்கால் எம்மாத்திரம்! அருகே பரந்தூரில் வானூர்தி நிலையத்திற்கென நிலம் குறிக்கப்பட்ட 2022 முதல் ஏகனாபுரத்து மக்கள் போராடி வருகின்றனர். அவர்கள் வயலையும் ஏரியையும் காக்கப் போராடுகின்றனர் என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. மாட்டை எவரும் எழுதுவதில்லை.

'தொழில் வேண்டாமா? வேலை வேண்டாமா?' என்று கேட்பார் உளர். வேண்டும். தமிழன் பிள்ளை தமிழ் மண்ணிலேயே வேலை பெற வேண்டும் என்பதில் எவர்க்கும் மாறுபாடு இல்லை. ஆனால் கணக்கை நேராகப் போட வேண்டும். திருப்பெரும்பூதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உருவாக்கத்தைத் தொடங்கியது. 2014 நவம்பரில் நிறுத்தியது. முழுதாக ஒன்பது ஆண்டும் இல்லை. அக்கட்டடம் பின்னர் வேறு நிறுவனத்தின் கைக்குப் போயிற்றெனினும், ஒரே நாளில் தெருவில் நின்றவர்க்கு அந்த ஆறுதல் பயன்படவில்லை. 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் சங்கம் வைக்கும் உரிமைக்காக முப்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. மேய்க்காலை இழந்த வீட்டின் மகன் ஒப்பந்தக் கூலியாக ஆலை வாயிலில் நிற்கின்றான். ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பினால் பழைய தொழிலும் இல்லை, புதிய தொழிலும் இல்லை. ஆலை வேண்டும் என்பதற்காக அது மேய்க்காலில்தான் அமைய வேண்டும் என்று எந்தப் பொருளியல் நூல் சொல்கின்றது?

இனி, சாலை மாட்டுக்கு வருவோம். 2023-இல் சென்னை அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமியை மாடொன்று முட்டியது. கொடிய நிகழ்ச்சியே; மறைக்க வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் இரவில் மாட்டின்மீது மோதி வீழும் இருசக்கர ஓட்டுநர் பலர். இழப்பு இருபுறமும், மாடும் சாகின்றது, மாந்தனும் சாகின்றான். சென்னை மாநகராட்சி கண்ட தீர்வு தண்டம். 2,000 உருபாவாக இருந்தது 2023-இல் 5,000 ஆயிற்று. 2024-இல் 10,000 ஆயிற்று. தண்டம் உயர்ந்த அளவிற்கு ஒரு சாண் புல்லாவது உயர்ந்ததா? மாட்டை வெளியே விட்டால் தண்டம் என்னும் அரசு, எங்கே விடலாம் என்று ஒரு புல எண்ணையேனும் சுட்டிக்காட்டியதா? கொண்டித்தொழு 1871-ஆம் ஆண்டினது. ஆட்சி மட்டும் மாறியிருக்கின்றது. குப்பைத்தொட்டியில் நெகிழியைத் தின்று வயிறு அடைத்துச் சாகும் மாட்டைக் கண்டு 'ஐயோ' என்பவர், அது அங்கே விரும்பிப் போயிற்றென்றா எண்ணுகின்றனர்?

கட்டிவைத்து வளர்க்கச் சொல்கின்றனர். கட்டிவைத்த மாட்டுக்குப் பிண்ணாக்கும் தவிடும் அடர்தீனியும் காசு கொடுத்து வாங்க வேண்டும். மேய்ந்து வரும் மாட்டின் பால் புல்லின் கொடை. கட்டுத்தறி மாட்டின் பால் கடன். பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் இலிட்டருக்கு 35 உருபாவாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு திசம்பரில் ஊக்கத்தொகையாக 3 உருபா கூட்டப்பட்டது. அதற்காகவும் உழவர் சாலையில் பாலைக் கொட்டிப் போராட வேண்டியிருந்தது. அரசின் பால் நிறுவனத்திற்கு 'ஆவின்' என்று எவ்வளவு அழகான தமிழ்ப்பெயர்! பெயரைத் தூய தமிழில் வைத்தவர்கள் அந்த ஆவுக்குப் புல்லையும் வைத்திருக்கலாம்.

மேய்ச்சல் வாழ்வின் கடைசிக் கண்ணி விற்பனை. இதனை வெளிப்படையாகச் சொல்லத் தமிழ் இதழ்களும் தயங்குகின்றன. கறவை வற்றிய, ஏருக்கு ஆகாத மாட்டை விற்ற காசில்தான் ஏழை வீட்டில் அடுத்த கன்று வரும். புல் தின்று வளர்ந்த அம்மாட்டின் இறைச்சி தொண்டைநாட்டு எளிய மக்கள் பலருக்கு மலிவான வல்லுணவு. தமிழ்நாட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1958-இல் வந்தது. பத்து அகவை கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டையே சான்றுடன் அறுக்கலாம் என்றது. 1976 ஆகத்தில், இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்த காலத்தில், ஆவை அறுக்கவே தடை ஆணை பிறந்தது. 2017 மே 23 அன்று தில்லி அரசு, சந்தையில் அறுப்புக்கு மாடு விற்கவே கூடாதென விதி செய்தது. ஒரு கிழமைக்குள் உயர்முறைமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைத்தடை விதித்தது. சூலையில் உச்சமுறைமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. தமிழன் உழவில் பழகிய மாட்டை எப்போது விற்பது, எவனுக்கு விற்பது, எதைத் தின்பது என்று தில்லி வகுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டைத் தாய் என்று வணங்கச் சொல்பவர் அத்தாய்க்கு ஒரு காணிப் புல்வெளி கேட்டு ஒருநாளும் தெருவுக்கு வந்ததில்லை என்பதையும் இங்கே குறித்துவைக்க வேண்டும்.

குற்றம் தில்லியோடு முடிவதன்று. 2017 சனவரியில் ஏறுதழுவல் உரிமைக்காகச் சென்னைக் கடற்கரையில் இலக்கக்கணக்கில் இளைஞர் திரண்டனர். தமிழினத்தின் நெஞ்சு நிமிர்ந்த நாள்கள் அவை. சட்டம் வந்தது; 2023-இல் உச்சமுறைமன்றமும் அதனை ஏற்றது. நாட்டுமாட்டைக் காப்போம் என்ற முழக்கம் எல்லாச் சுவரிலும் ஏறிற்று. ஆனால் அந்நாட்டுமாடு எதைத் தின்னும் என்று அக்கடற்கரையில் கேட்டவர் எத்தனை பேர்? வாடிவாசலில் ஏறு நிற்பது சில மணித்துளி; மேய்க்காலில் அது நிற்க வேண்டியது ஆண்டு முழுவதும். திமிலைப் பற்றத் தெரிந்த கைகள் ஊர்ப் புறம்போக்குப் பதிவேட்டைப் பற்றிப் புரட்டவும் கற்றிருந்தால், திருப்பெரும்பூதூர் வட்டத்தில் இன்று எத்தனை ஊரில் எத்தனை காணி எஞ்சியுள்ளதென்று தெரிந்திருக்கும். தமிழுணர்வாளர் என்போர்க்கு இது சுடும் சொல்லாகத்தான் இருக்கும், சுடட்டும்.

உலகம் வேறு திசையில் எண்ணத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புல்லை மட்டும் தின்று வளர்ந்த மாட்டின் இறைச்சிக்கும் பாலுக்கும் கூடுதல் விலை கொடுத்து வாங்குகின்றனர். ஒன்றிய நாடுகள் அவை 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சற் குடிகளுக்கும் உரிய ஆண்டாக 2022-இலேயே அறிவித்தது. செம்பரம்பாக்கத்து மாடு அந்த உயர்விலைப் புல்லை விலையின்றித் தின்றுகொண்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுப் பிண்ணாக்கு வாங்கச் சொல்லியாயிற்று.

உச்சமுறைமன்றம் 2011 சனவரியில் சகபால் சிங் வழக்கில், ஊர்ப்பொது நிலங்களிலிருந்து முறையற்று நுழைந்தோரை அகற்றி அவற்றை ஊர்களுக்கு மீட்டுத் தரும் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. தமிழ்நாட்டு வருவாய்த்துறை செய்ய வேண்டியது அரிய செயல் ஒன்றும் அன்று. திருப்பெரும்பூதூர், குன்றத்தூர், பூந்தமல்லி வட்டங்களில் மேய்க்கால் என்றும் மந்தைவெளி என்றும் பதிவாகியிருந்த ஒவ்வொரு புல எண்ணையும், அதன் பரப்பையும், அது எந்த ஆண்டில் எவர்க்கு எந்த ஆணையால் மாற்றப்பட்டதென்பதையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். மாற்றப்பட்ட பரப்புக்கு ஈடாக அதே ஊர் எல்லைக்குள் மாற்று நிலம் ஒதுக்க வேண்டும். ஏரி வற்றும் திங்கள்களில் உள்வாயில் மேய்க்கும் பழைய வழக்கத்தை எழுத்தில் ஏற்க வேண்டும். குடிநீர் ஏரியாதலின் எப்பகுதியில் மேய்க்கலாம், எதில் ஆகாது என்று வரம்பு கட்டுவதை மேய்ப்பவரே மறுக்கமாட்டார். தொழிற்சாலைகள் தம் வளாகத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பசுமைப் பட்டையாக விட வேண்டும் என்பது சுற்றுச்சூழல் இசைவின் பொது நெறி. அங்கே அழகுக்கு வளர்த்து, வெட்டி, வண்டியில் ஏற்றிக் கொட்டும் புல்லை மதிலுக்கு வெளியே உள்ள ஊர் மாட்டுக்குக் கொடுக்கச் சொல்ல ஓர் ஆட்சியரின் ஒருபக்க ஆணை போதும்.

ஐப்பசியில் வடகிழக்கு மழை இறங்கும். திருப்பெரும்பூதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகளின் மிகைநீரும் வந்து சேர, செம்பரம்பாக்கத்து உள்வாய் மூழ்கும்; அங்கே மேயும் மாடுகள் கரையேறியாக வேண்டும். கரையின் மறுபுறம் சரக்குந்துகள் ஓடும் சாலை. அந்த மழைக்கு முன் அப்பட்டியல் சுவரில் ஏற வேண்டும்.